பாட்டு இசக்கியின் காது

இசக்கிராஜா வீட்டில் இருக்கிறாரா என்று யாரும் கதவைத் தட்டிக் கேட்டதில்லை. தெருமுனை திரும்பும்போதே தெரிந்துவிடும். "கொழம்புல புளி தூக்கலா இருக்குட்டி" என்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் சொல்வது, குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்களுக்குக் கேட்கும். மறுநாள் ஜெயசித்ராவைக் கண்டால், "என்னக்கா, இன்னைக்காவது புளியக் கொறச்சியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். தறிக்காரர் வீடுகளில் இது புதிதில்லை. பகல் முழுக்க விசைத்தறிகளுக்கு நடுவில் நிற்கிற மனுஷன், வீட்டுக்கு வந்த பிறகும் தறிச் சத்தத்துக்கு மேலேதான் பேசுவார்.

கல்யாணமான புதிதில், தன்னைத் திட்டுகிறார் என்று நினைத்து ஜெயசித்ரா அழுதிருக்கிறாள். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு தறி செட்டின் வாசலில் போய் நின்றபோதுதான் சங்கதி புரிந்தது. உள்ளே வாய்க்கு வேலையே இல்லை. எல்லாம் கைப்பேச்சு. பெருவிரலை உதட்டுக்கு நேரே சாய்த்தால் தண்ணீர். உள்ளங்கையைக் கழுத்துக்குக் கீழே தட்டினால் முதலாளி வருகிறார். ஆள்காட்டி விரலை மேலே தூக்கிப் பிடித்தால் 'ஓடுது, பொறு'. அந்த விரலை மடக்கினால் 'நின்னுட்டு'. அவர் அவளைப் பார்த்து விரலைத் தூக்கிக் காட்டினார். அவளும் அந்த இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு, விரல் மடங்கும் வரை நின்றாள்.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மீசை முளைக்கும் முன்னே தறி வேலைக்கு வந்தவர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. பாட்டு ஒன்றுதான். தெருவில் அவருக்குப் பெயரே பாட்டு இசக்கி. பாட்டு எல்லாரும்தான் கேட்கிறார்கள். இவருக்கு அது சுத்தமாக இருக்க வேண்டும். டீக்கடை செல்லப்பா போனில் வந்த பாட்டை ஸ்பீக்கரில் போட்டால், பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

"வே செல்லப்பா, பாட்டத் தோலுரிச்சுப் போட்டுருக்கீரு. இதக் கேட்டுக்கிட்டு டீ குடிச்சா டீயும் கசக்கும்."

"டீ கசந்தா சீனி போடுதேன். பாட்டுக்கு என்னத்தப் போட?" என்பார் செல்லப்பா. கடையே சிரிக்கும்.

வீட்டில் பீரோவுக்குள் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பழைய வேட்டித் துண்டில் சுற்றிய ஒரு ஹார்டு டிஸ்க். வருஷக்கணக்காக அங்கே இங்கே கேட்டு வாங்கிச் சேர்த்த பாட்டெல்லாம் அதில் இருந்தது. எல்லாம் பெரிய பைல். லாஸ்லெஸ் என்பார். அதில் ஒரு பாட்டு அடைக்கிற இடத்தில், சின்ன பைலாக ஒரு கூடைப் பாட்டைப் போட்டுவிடலாமாம்.

"ரெண்டும் ஒரே பாட்டுதானங்க? பிறகு எதுக்கு எடத்த அடைச்சிக்கிட்டு?" என்று ஜெயசித்ரா ஒருமுறை கேட்டாள். மடியில் இலையும் தூளும் கிடந்த சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்துக் காட்டினார். "இந்தா பாரு. இதுல இழைய நெருக்கிப் போட்டுருக்கு. இதே அகலம், இதே நீளம், ஆனா இடையில இடையில இழைய விட்டுட்டு நெய்யி. தூரத்துல இருந்து பாத்தா ரெண்டும் ஒரே துண்டுதான். தண்ணியில முக்கித் தொடச்சாத் தெரியும். சின்ன பைல்னா அதான். எந்த இழைய எடுத்தா ஆளுக்குத் தெரியாதுன்னு பாத்துப் பாத்து எடுக்கான். கொஞ்சமா எடுத்தா யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாதுன்னு வையி. ஆனா இந்தப் போன்ல ஆளாளுக்கு அனுப்பி, அனுப்பின பயலெல்லாம் சுருக்கிச் சுருக்கி, கடைசியில கொசுவலதான் மிஞ்சுது."

அவளுக்கு நன்றாகவே விளங்கியது. அந்த மனுஷருக்கு விளக்கத் தெரியும். கொசுவலை என்றதும் அவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. "ஏட்டி, இப்பல்லாம் கொசு சத்தம் போடாமக் கடிக்கி பாத்தியா? முன்னால பாடிக்கிட்டு வரும். இப்ப மருந்து அடிச்சு அடிச்சு ஊமையாப் போச்சு."

அன்றைக்கு அவளும் சிரித்தாள். கொசு அவள் காதருகே அப்போதும் பாடிக்கொண்டுதான் இருந்தது. அது அவர் பக்கம் போகவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெத்துராஜ் வந்தான். ரேடியோ செட்டு வைத்திருப்பவன். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவன் ஸ்பீக்கர் பெட்டிதான். வாசல்படியில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து பெருமையாகக் காட்டினான்.

"அண்ணாச்சி, நீங்க ஏசினதுல இருந்து நானும் மாறிட்டேன். எங்கிட்ட இருந்த பாட்ட பூரா பெரிய பைலா மாத்திட்டேன். பாருங்க, எம்புட்டுப் பெரிசு!"

"எதுல இருந்துலே மாத்துன?"

"போன்ல இருந்த பாட்டுத்தான்."

இசக்கிராஜா தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே கூறுகெட்டவனே, இழை விட்டுப் போன துண்டப் பிடிச்சு இழுத்தா அகலம் வரும், நூல் வருமாலே? பைல்தான் பெருத்துருக்கு. போனது போனதுதான்."

பெத்துராஜ் கோபித்துக்கொள்ளவில்லை. மூடியை மூடிவிட்டுச் சொன்னான். "இதுக்குத்தான் அண்ணாச்சி ஒங்களத் தேடி வந்தேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் புதுப் பெட்டி எறக்குதேன். சத்தத்தக் கூட்டிக் கொறைக்க மிக்ஸர்ல உக்கார ஒரு காது வேணும். இப்ப இருக்க பயலுக்கு நெஞ்சு அதிரணும், அதத்தவிர ஒண்ணும் தெரியாது. நீங்க வந்துருங்க. தறியில நின்னது காணாதா?"

 பெத்துராஜ் போன பிறகும் அவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். தறியை விட்டுவிட்டுப் பாட்டோடு இருக்கிற வேலை. அப்படி ஒன்று தனக்கு வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"கேட்டியாட்டி? காது வேணும்ங்கான்" என்றார். குழாயடி வரைக்கும் கேட்டிருக்கும்.

கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கும் மகள் அனுவிடம் போனில் அன்றைக்கே சொல்லிவிட்டார். அவள் ஒரு ஹெட்போன் வாங்கி அனுப்பினாள். கூடவே ஒரு யோசனையும் சொன்னாள். "ப்பா, ஒரே பாட்ட ரெண்டு விதமா வச்சுக்கோங்க. நீங்க ஸ்கிரீனப் பாக்கக் கூடாது. அம்மா மாத்தி மாத்திப் போடட்டும். எது பெரிய பைல்னு சொல்லுங்க. ஒங்க காது எப்படின்னு ஒங்களுக்கே தெரிஞ்சிரும்."

அடுத்த ஞாயிறு மத்தியானம், சாப்பாடு முடிந்ததும், அவர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இதுல சரியாச் சொல்லிட்டேன்னு வையி, நாளைக்கே மொதலாளி மாரிராஜ்கிட்ட சொல்லிட்டு வாரேன். தறிக்கு வேற ஆளப் பாத்துக்கட்டும்."

எடுத்தது ஒரு அம்மன் பாட்டு. கடைசியில் பாடுகிறவள் நிறுத்தியதும், ஒரு சின்ன மணி ஒற்றையாக அடிக்கும். சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஜெயசித்ரா முதலில் தானே போட்டுக் கேட்டாள். பெரிய பைலில் குரல் நின்ற பிறகு அந்த மணி மெலிந்து மெலிந்து, சிலந்தி நூல் மாதிரி நீண்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடம் வரைக்கும் போய் மறைந்தது. போனில் கைமாறிக் கைமாறி வந்த சின்ன பைலில் அதே மணி தகரத்தில் மணலைத் தேய்த்தது போலக் கரகரத்துச் சட்டென்று அறுந்தது. அட, என்று இருந்தது அவளுக்கு. இத்தனை வருஷமாக அவர் சொன்னதெல்லாம் சத்தியம். பாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத தனக்கே இப்படித் தெரிகிறதென்றால் அவருக்கு எப்படித் தெரியும் என்று ஆசையோடு ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சின்ன பைலைப் போட்டாள். பாட்டு முடிந்தது. மணி கரகரத்து அறுந்திருக்கும்.

"ஆகா! இதான் பெரிய பைல்" என்றார்.

அவள் போனைப் பார்த்தாள். தப்பாகத் தொட்டுவிட்டோமோ என்று மறுபடி பார்த்தாள். இல்லை. அடுத்து பெரிய பைலைப் போட்டாள். மணி நூலாக நீண்டுகொண்டிருக்க வேண்டிய நேரத்தில் அவர் ஹெட்போனைக் கழற்றத் தொடங்கினார். "முடிஞ்சிட்டுல்லா? இது சின்னது. வறட்டு வறட்டுன்னு இருக்கு."

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. கொசு. பக்கத்து வீட்டுக் குழந்தை கொலுசு குலுங்க வந்து நின்றும் அவர் திரும்பாதது. போன் மணி அடித்தும் எடுக்காமல் 'இந்தப் போன் சரியில்ல' என்பது. அவள் உள்ளேயிருந்து ஏதாவது சொன்னால் "என்ன முணங்குத?" என்று எரிச்சல்படுவது. எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பார்த்தும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"சரியா?" என்று கேட்டார். கண்ணைத் திறந்து அவள் முகத்தையே பார்த்தார்.

"ஆமா" என்றாள்.

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. அடுத்தடுத்த பாட்டுகளுக்கும் ஆமா என்றே சொன்னாள். சிலது சரியாகவும் இருந்தது, குருட்டாம்போக்கில். அவர் எழுந்து நின்று சட்டையைப் போட்டுக்கொண்டு செல்லப்பா கடைக்குப் போய்விட்டார். "எல்லாம் சரி வே! எம் பொண்டாட்டி சாட்சி!" என்று அங்கே அவர் சொன்னது இங்கே கேட்டது.

அனுவிடம் போனில் மெல்லச் சொன்னாள்.  "எம்மா, தறியில நிக்கவங்களுக்கு இது வரும்மா. மணி, கொசு மாதிரி மேல உள்ள மெல்லிசு சத்தந்தான் மொதல்ல போகும். போறது தெரியாது. நீ ஏம்மா சரின்னு சொன்ன?"

"எனக்கு வாயே வரலட்டி."

"இப்பவாது சொல்லு. டாக்டர்ட்டப் போவோம்."

அவள் சொல்லத்தான் போனாள். திங்கள்கிழமை மத்தியானமே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். முதலாளி மாரிராஜிடம் சொல்லியாயிற்றாம். இவர் நின்ற தறிகளுக்கு மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து ஆள் ஒருத்தனையும் பேசி முடித்தாயிற்றாம். ஜெயசித்ரா, "எதுக்கும் ஒருக்கா காது டாக்டரப் பாத்துட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"காது கேக்காதவன்லாட்டி டாக்டர்ட்டப் போவான்! எனக்கு என்ன? நீதான முன்னால இருந்து பாத்த?"

 தன் வாயால் கட்டிய சுவரில் தானே முட்டிக்கொண்டு நின்றாள்.

ஆடித்தபசுக்கு ஊர் நிறைந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வரைக்கும் தலைதான். தெருவில் போட்ட அன்னதானப் பந்தலுக்குப் பெத்துராஜின் புதுப்பெட்டிகள், ஆளுயரத்துக்கு. சாயங்காலம் இசக்கிராஜா வெள்ளை வேட்டி சட்டையில் மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்தார். தறிக்குப் போகும்போது அவர் வெள்ளை உடுத்தியதே இல்லை. ஜெயசித்ரா பெண்கள் வரிசையில், கையில் இலையோடு, அவரைப் பார்த்தபடி நின்றாள். கோயில் பக்கம் திரும்பிக் கோமதியம்மாளை நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு மட்டும் தப்பு நேராமல் பார்த்துக்கொள் என்று கேட்டாள்.

பாட்டு நன்றாகவே தொடங்கியது. பெத்துராஜ் வைத்துக்கொடுத்த அளவு. இசக்கிராஜா தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் திருப்தியாகவில்லை. மேல் சத்தத்தைக் கூட்டுகிற திருகைக் கொஞ்சம் திருப்பினார். மறுபடி கேட்டார். இன்னும் கொஞ்சம்.

பாடுகிறவளின் குரலில் 'ஸ' வருகிற இடமெல்லாம் ஊசியாகக் குத்தத் தொடங்கியது. ஜால்ரா சாணைக்கல்லில் கத்தி வைத்தது போல ஆயிற்று. ஜெயசித்ராவின் பக்கத்தில் நின்ற பெண் முகத்தைச் சுளித்து, "என்னத்தக்கா இது, பல்லு கூசுது" என்றாள். இலையில் சோறு வாங்கிக்கொண்டிருந்த அதே தெருக் கதீஜம்மாள் ஒரு கையால் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். குழந்தைகள் அழுதன. அவர் இன்னும் கொஞ்சம் திருப்பினார். பந்தலில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

அவர் முகம் அப்போதுதான் மலர்ந்தது. இத்தனை நாளாகக் காணாமல் போயிருந்த ஆள் எதிரே வந்தது போல இருந்தது அந்த முகம். கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே தாளம் போட்டார்.

ஜெயசித்ரா நின்ற இடத்திலிருந்து அவருக்கும் அவளுக்கும் நடுவே கயிறு கட்டியிருந்தது. கையை ஆட்டினாள். அவர் கண் திறக்கவில்லை. கூப்பிட்டாள். அந்தச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பெத்துராஜ் ஓடிவந்தான். ஏசவில்லை. அவர் தோள்மேல் கையைப் போட்டு, குனிந்து, திருகை மெதுவாகப் பின்னால் திருப்பினான். பந்தலில் எல்லாரும் காதிலிருந்து கையை எடுத்தார்கள். இசக்கிராஜா கண்ணைத் திறந்தபோது பார்த்தது அதைத்தான். இறங்கிக்கொண்டிருக்கும் கைகளை.

 எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூட்டத்துக்குள் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் பிஸ்கட் டின்னைத் திறந்தார். போனையும் ஹெட்போனையும் அவள் முன்னால் வைத்தார். "போடு. இந்தத் தடவ நெசத்தச் சொல்லு."

அவள் போட்டாள். அவர் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. மறுபடி போட்டாள். இல்லை. மறுபடி போடச் சொல்லவில்லை அவர்.

"அன்னைக்கும் இப்படித்தானாட்டி?"

 அவள் சொளவில் கிடந்த பீடி இலையையே பார்த்தாள்.

"ஏன் சொல்லல?" என்றார். அடித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த ஒரு தடவைதான், அவர் குரல் வீட்டுக்கு வெளியே போகாமல் இருந்தது.

அனு லீவு போட்டு வந்து திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர், காது கேட்கிற அளவைக் கோடாகப் போட்ட ஒரு படத்தைக் காட்டினார். நேராக வந்த கோடு ஒரு இடத்துக்கு மேல் கிணற்றுப்படி மாதிரி இறங்கியிருந்தது.

"காதுல மெஷின் வச்சா அந்த மணி கேக்குமா சார்?" என்று கேட்டார் இசக்கிராஜா.

எந்த மணி என்று டாக்டர் கேட்கவில்லை. "ஆளுக பேசுறது விளங்கும். பாட்டு பழையபடி கேக்கும்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கிறதக் காப்பாத்திக்கோங்க. இனிமே சத்தத்துல நிக்காதீங்க."

திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடி இருந்தவர் திடீரென்று சொன்னார். "பெத்துராஜ் செஞ்ச வேலதான் இந்தக் காது மெஷினும். சின்ன பைல இழுத்துப் பெரிசாக்குறது." பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அனு முகத்தை முன் இருக்கைக் கம்பியில் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்று ஜெயசித்ராவுக்குத் தெரிந்தது. அழுகைச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது.

மாரிராஜ் திரும்பச் சேர்த்துக்கொண்டார். பழைய இடத்தில் மேலநீலிதநல்லூர் ஆள் நின்றான். இவருக்குக் கிடைத்தது பின்வரிசை. அங்கே பழைய தறிகள், பக்கத்தில் தகரச் சுவர். மற்ற இடத்தைவிட அங்கே இரைச்சல் அதிகம் என்று எல்லாருக்கும் தெரியும். வேறு என்ன செய்ய? பெத்துராஜ் ஒருநாள் வந்து, வயர் சுற்றுகிற வேலை இருக்கிறது என்று தயங்கிச் சொன்னான். இவர் சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அனு காதில் வைக்க ரப்பர் அடைப்பான் வாங்கித் தந்திருந்தாள். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் காதைப் பார்த்தாள் ஜெயசித்ரா. ஒன்றில்தான் இருந்தது.

"இன்னொண்ணு எங்கங்க?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "ரெண்டையும் அடைச்சா, நூலக் கொண்டு ஓடுற நாடா தடம் தப்புறது சத்தத்துல தெரியல, நூல் அத்துப்போகுது. அதான் ஒரு காத எனக்கு வச்சிக்கிட்டு, ஒண்ணத் தறிக்கு விட்டுட்டேன்."

 தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

ஹார்டு டிஸ்க் பீரோவுக்குள்ளேயே கிடந்தது. ஐப்பசி மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே அதை எடுத்தார். வேட்டித் துண்டைப் பிரித்தார். அந்த அம்மன் பாட்டைத் தேடி வைத்துவிட்டு, ஹெட்போனை அவள் தலையில் மாட்டினார்.

"எனக்கெதுக்குங்க?"

"கேளு. யாராச்சும் கேக்கணும்லா. குரல் நின்னதும் அந்த மணி எம்புட்டுத் தூரம் போகுதுன்னு எனக்குக் காட்டு." ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். தறி செட்டுச் சைகை.

பாட்டு ஓடியது. அவர் எதிரே சம்மணம் போட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் நின்றது. மணி அடித்தது. ஜெயசித்ரா விரலைத் தூக்கினாள்.

மணி மெலிந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலைப் பார்த்தார். கண் கொட்டவில்லை. இன்னும் மெலிந்தது. பிறகு இல்லை. மழைச் சத்தம் மட்டும் ஹெட்போனுக்கு வெளியே எங்கோ கேட்டது.

விரலை மடக்க வேண்டும். மடக்கினால் 'நின்னுட்டு'. நிஜத்தைச் சொல்லச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். அவளும் மடக்கத்தான் நினைத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் கை சொன்னபடி கேட்கவில்லை.

"பாத்தியாட்டி, எம்புட்டு நேரம் ஓடுது!" என்றார். மழையையும் மீறிக் குழாயடி வரைக்கும் கேட்டிருக்கும். விரல் தூக்கினபடியே இருந்தது.